அப்பா பையன் ரோட் ட்ரிப் கதை எழுதப் போறீங்களா, முதல்ல வழிய முடிவு பண்ணுங்க

ஷார்ட் ஃபிலிமுக்கு அப்பா பையன் கதை எழுதறவங்க நிறைய பேர் "நெடுஞ்சாலை, பகல்"னு ஒரு வரி போட்டுட்டு நேரா வசனத்துக்குப் போயிடறாங்க, அப்புறம் படிச்சுப் பாத்தா அந்த சண்டைய வீட்டு ஹால்லயே எடுத்திருக்கலாம்னு தோணுது. ரோடு கதைக்குள்ள வரணும்னா எந்த ரோடுன்னு தெரிஞ்சிருக்கணும். நீங்க போயிருக்கற வழியா எடுத்துக்கோங்க.

இங்க நான் சென்னை டு ராமேஸ்வரம் வெச்சு சொல்றேன். கிட்டத்தட்ட 560 கிலோமீட்டர், விடியக்காலைல கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம், அதனால ஒரே நாள்ல கதை முடியுது, லாட்ஜ் சீன் தேவையில்ல. போற காரணமும் அந்த ஊருக்குள்ளயே இருக்கு, தாத்தாவுக்கு அக்னி தீர்த்தத்துல தர்ப்பணம். அப்பாவுக்கு ரொம்ப நாளா மனசுல கிடக்கற கடமை, பையனுக்கு ஆபீஸ்ல கெஞ்சி வாங்கின ரெண்டு நாள் லீவு. இந்த வித்தியாசம் போதும், இதுக்கு மேல பெரிய பகைலாம் கண்டுபிடிக்க வேணாம். அம்மா செத்துட்டாங்க, அஸ்தி கரைக்கப் போறாங்கன்னு தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க, அழவைக்கற வேலைய சாவு பாத்துக்கும்னு நாம சும்மா இருந்துடுவோம். அம்மா வீட்ல நல்லா இருக்கட்டும், ஃபோன்ல வரட்டும். பையனுக்கு ஃபோன் பண்ணி "அப்பா மாத்திரை போட்டாரா"ன்னு கேக்கட்டும், அஞ்சு நிமிஷத்துல அப்பாவுக்கு ஃபோன் பண்ணி "அவன் சாப்ட்டானா"ன்னு கேக்கட்டும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டு அம்மா வழியா பேசிக்கறாங்கன்னு பாக்கறவங்களுக்கு தானா புரிஞ்சிடும்.

அடுத்து கார் யாரோடதுங்கறது. இத அவசரப்படாம யோசிங்க, ஏன்னா கார் யாருதோ அவர் சொல்றதுதான் உள்ள நடக்கும். எனக்குப் பிடிச்சது அப்பாவோட பழைய மாருதி 800, பையன் ஓட்டறான். அது உற்பத்தியே 2014ல நின்னுபோச்சு, அப்போ எப்படிப் பாத்தாலும் பழைய வண்டிதான். அப்பா ரோட்டப் பாத்துட்டே "மூணாவது போடு"ன்னு சொல்லுவார், முன்னாடி லாரி ப்ரேக் அடிச்சா இவரோட வலது கால் தரைய அமுக்கும், அங்க ப்ரேக்கே கிடையாது. பையன் அத ஓரக்கண்ணால பாக்கறான், ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு ஷாட் ரெண்டு பக்க வசனத்துக்கு சமம். சொந்தக் கார்களுக்கு 15 வருஷம் ஆனா ஆர்சி புதுப்பிக்கணும் இல்லயா, வண்டிய வித்துடலாம்னு பையன் ஏற்கனவே ஒரு ஆள்கிட்ட பேசி வெச்சிருக்கான், உளுந்தூர்பேட்டைகிட்ட போலீஸ் செக்கிங்ல பேப்பர் தேடறப்ப அப்பா யார்கிட்டயும் சொல்லாம இன்னும் அஞ்சு வருஷத்துக்கு புதுப்பிச்சு வெச்சிருக்கறது டேஷ்போர்டுக்குள்ளேந்து வெளிய வருது. சண்டை இப்படி ஒரு பொருள் வழியா வரணும்.

ஒவ்வொரு நிறுத்தமும் எதையாவது மாத்தணும், மாத்தலன்னா வெட்டிடுங்க. பரனூர் டோல்ல ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் இல்ல, பின்னாடி ஹார்ன் அடிக்கறாங்க, பையன் ஃபோன நோண்டறான், அப்பா சட்டைப் பாக்கெட்லேந்து காச எடுத்து டேஷ்போர்டு மேல வெக்கறார்.

"வெச்சுக்கோ."
"வேணாம்ப்பா, ரீசார்ஜ் பண்றேன்."
"அதுக்குள்ள ஊரே திட்டும்டா."

பையன் அந்தக் காச எடுக்கல. அது அங்கயே கிடந்து கண்ணாடி இறக்கினப்பலாம் படபடக்கட்டும். எப்போ, எந்த ஊர்ல அவன் அத எடுக்கறான்ங்கறத நீங்க முடிவு பண்ணுங்க, உங்க கதை எங்க திரும்புதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

இந்த வழில எழுதறவங்களுக்கு பெரிய வரம் திருச்சி. அங்க ரோடு பிரியுது, புதுக்கோட்டை, காரைக்குடி வழியாவும் ராமநாதபுரம் போகலாம், மதுரை வழியாவும் போகலாம். மேப் புதுக்கோட்டைன்னு சொல்லுது, அப்பா மதுரைதான்னு அடம் பிடிக்கறார், காரணம் கேட்டா "நல்ல ரோடு"ங்கறார். நிஜக் காரணத்த பரமக்குடி தாண்டற வரைக்கும் வெளிய விடாதீங்க.

அப்பாவோட வயசக் கணக்குப் போட்டு வெச்சுக்கோங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது, பாம்பன்லேந்து போன பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோச்சு. கதை 2025ல நடக்குது, அப்பாவுக்கு 68ன்னா அப்போ அவர் ஏழு வயசுப் பையன். தாத்தா அந்த ஊர்க்காரர்னு வெச்சா அந்த ராத்திரி அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும், பையனுக்கு அது பாடப் புத்தக விஷயம். ஆனா ஃப்ளாஷ்பேக் வேணாம், அவர் வாயால நாலு வரி போதும், அதுவும் வண்டி ஓடிட்டு இருக்கறப்ப. கார்ல ரெண்டு பேரும் முன்னாடிதான் பாத்துட்டு இருப்பாங்க, மூஞ்சியப் பாக்க வேண்டாம், அதனாலயே வீட்ல வராத பேச்சு அங்க வரும். பாம்பன் பாலத்த அதுக்கு வெச்சுக்கோங்க, 1988ல திறந்த ரோட்டுப் பாலத்துலேந்து கதை நடக்கற 2025ல பாத்தா பக்கத்துலயே 1914ல வந்த பழைய ரயில் பாலமும் அதே வருஷம், 2025ல திறந்த புது ரயில் பாலமும் தெரியும், மூணு தலைமுறை பத்தி நீங்க வசனம் எழுதவே தேவையில்ல.

தனுஷ்கோடி தாண்டி ரோடு முடியற அரிச்சல்முனைல கட்டிப்பிடிச்சு அழற க்ளைமாக்ஸ் வேணாம். மன்னிப்பும் கேக்க வேணாம், நம்ம வீடுகள்ல அப்பாங்க மன்னிப்பு கேக்கறது "சாப்ட்டியாடா"ன்னுதான் வரும்.

எழுதி முடிச்சதும் ரெண்டு பேர உக்கார வெச்சு சத்தமா படிங்க, ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு தோராயமா வெச்சுக்கிட்டா இருபது நிமிஷப் படத்துக்கு இருபது பக்கம்தான். "நீங்க என்னைக்காவது என்னைப் புரிஞ்சுக்கிட்டீங்களா"ங்கற மாதிரி வரி எங்க வந்தாலும் அடிச்சுடுங்க. ஷூட்டிங்க ஜனவரி பிப்ரவரில வைங்க, ஏன்னா வசனம் வர்ற சீன்லலாம் சவுண்டுக்காக ஏசிய ஆஃப் பண்ணி கண்ணாடிய ஏத்தி வெச்சுதான் எடுக்கணும், மே மாசம் அந்தக் காருக்குள்ள நடிக்க முடியாது. தை அமாவாசை அன்னைக்கு மட்டும் போயிடாதீங்க, ராமேஸ்வரத்துல கார் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.