தப்பு பண்ணிட்டு ஜெபம் பண்ணவே முடியலையா, திரும்பி வர்றதுக்கு நான் நடந்த வழி

என் மனைவிக்கு அவங்க அம்மா போட்ட அஞ்சு பவுன் ஆரத்தை, அவங்களுக்கே தெரியாம பேங்க்ல அடகு வெச்சு, அந்த காசை ஷேர் டிரேடிங்ல போட்டு மூணு வாரத்துல மொத்தத்தையும் விட்டவன் நான். அதுக்கப்புறம் நாலு மாசம் சர்ச்சுக்கு போனேன், ஆனா கடைசி பெஞ்ச்லதான் உக்காருவேன், அப்பமும் ரசமும் பகிர்ந்துக்கிற திருவிருந்து இருக்கிற ஞாயித்துக்கிழமைன்னா ஏதாவது சாக்கு சொல்லி நடுவுலயே வெளிய வந்துடுவேன். ஜெபம் பண்ண வாயைத் திறந்தா "உனக்கு என்ன தகுதி இருக்கு"ன்னு உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அதே இடத்துல இப்போ நிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, எல்லாத்தையும் சரி பண்ணிட்டு அப்புறமா ஆண்டவர்கிட்ட போகலாம்னு காத்திருக்காதீங்க. நான் அப்படித்தான் இருந்தேன், ஆரத்தை மீட்டு பீரோவுல வெச்சிட்டு அப்புறம் முழங்கால் போடலாம்னு நாளைத் தள்ளிகிட்டே போனேன், வட்டிதான் ஏறுச்சு. தாவீது ராஜா, இன்னொருத்தரோட மனைவியான பத்சேபாளோட பாவம் பண்ணின விஷயத்தை நாத்தான் தீர்க்கதரிசி வந்து முன்னாடி நிக்கிற வரைக்கும் மூடி வெச்சிருந்தாரு, அதுக்குள்ள குழந்தையே பிறந்துடுச்சு. அடக்கி வெச்சா உள்ள என்ன ஆகும்னு 32ம் சங்கீதம் 3ம் வசனத்துல இருக்கு, "என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று". அதை அனுபவிச்சவங்களுக்கு விளக்கமே தேவையில்ல. அதனால இன்னைக்கு ராத்திரியே போங்க, அழுக்கோடயே போங்க.

ஜெபம் பண்ணும்போது "ஆண்டவரே என் குறைகளை மன்னியும்"னு பொதுவா சொல்லிட்டு எந்திரிச்சிடாதீங்க. கதவை சாத்திகிட்டு, செஞ்சது என்னவோ அதை பேர் சொல்லி, சத்தமா சொல்லுங்க. நான் "ஆரத்தை திருடிட்டேன்"ன்னு சொன்னேன். அதுவரைக்கும் மனசுக்குள்ள "எடுத்தேன்"னு மட்டும்தான் சொல்லிகிட்டு இருந்தேன், அந்த ஒரு வார்த்தை மாறினப்போதான் அழுகையே வந்துச்சு. வார்த்தை வரலைன்னா 51ம் சங்கீதத்தை மெதுவா வாசிங்க, தாவீது அதுல ஒரு இடத்துலகூட தன் பக்கத்து நியாயத்தைப் பேசல.

அப்புறம் 1 யோவான் 1:9. இங்க கொஞ்சம் நின்னு பாருங்க, ஏன்னா எனக்கு எல்லாம் மாறினது இந்த வசனத்துலதான். பாவங்களை அறிக்கையிட்டா மன்னிச்சு சுத்திகரிக்கிறதுக்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்"னு இருக்கு. பரிதாபப்பட்டு விட்டுடுவாருன்னு இல்ல, உண்மையுள்ளவர்னு இருக்கு. அதாவது மன்னிக்கிறேன்னு ஏற்கெனவே வாக்கு குடுத்துட்டாரு, அதுல மாற மாட்டாரு. அன்னைக்கு நான் எவ்வளவு அழுதேன், எனக்கு மன்னிப்பு கிடைச்ச மாதிரி ஃபீல் ஆச்சா இல்லையா, இதுக்கெல்லாம் அந்த வாக்கு அசையாது. நாம உண்மையில்லாதவங்களா போனாலும் அவர் உண்மையுள்ளவரா இருக்கிறாருன்னு பவுல் 2 தீமோத்தேயு 2:13ல எழுதினதும் இதைத்தான். மறுநாள் குற்ற உணர்ச்சி திரும்ப வரும், கண்டிப்பா வரும், அப்போ மறுபடி முதல்லயிருந்து கெஞ்ச வேண்டாம், "நேத்தே சொல்லிட்டேன், நீங்க வாக்கு மாறாதவர்"னு மட்டும் சொல்லுங்க.

இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுருவையும், காசுக்கு அவரைக் காட்டிக்குடுத்த யூதாஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, ரெண்டு பேரும் தப்பு பண்ணது ஒரே ராத்திரி, ரெண்டு பேருமே மனசு உடைஞ்சாங்க. யூதாஸ் காசை திருப்பி எறிஞ்சிட்டு தனியா போயி உயிரையே விட்டுட்டான். பேதுரு மத்த சீஷர்களோடயே இருந்தாரு. அதனால தனியா இருக்காதீங்க, செத்துடலாம்னு ஒரு நினைப்பு வந்தாகூட அந்த நிமிஷமே வீட்ல யாரையாவது எழுப்பி சொல்லுங்க, இல்லைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட இலவச மனநல ஹெல்ப்லைன் அது, அதுக்கு போன் பண்றது அவிசுவாசம் இல்ல.

பேதுரு மறுதலிக்கிறதுக்கு முன்னாடியே இயேசு அவர்கிட்ட என்ன சொன்னாருன்னு லூக்கா 22:32ல பாருங்க, உன் விசுவாசம் ஒழிஞ்சுபோகாதபடிக்கு வேண்டிக்கிட்டேன், "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து". விழறதுக்கு முன்னாடியே எந்திரிச்ச பிறகு செய்யவேண்டிய வேலையைக் குடுத்துட்டாரு! இதை நான் எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், ஆரத்தை தொலைச்ச பிறகுதான் கண்ணுல பட்டுச்சு.

இப்போ கஷ்டமான பகுதி. ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சுன்னு மனுஷங்ககிட்ட சொல்லாம விட்டுடக்கூடாது. இயேசுவை வீட்ல ஏத்துக்கிட்ட வரி வசூல்காரர் சகேயு மன்னிப்பை வாங்கிட்டு சும்மா இருக்கல, அநியாயமா வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு எந்திரிச்சு நின்னாரு. நான் ஒரு சனிக்கிழமை ராத்திரி பசங்க தூங்கினதும் மனைவிகிட்ட சொன்னேன், அடகு ரசீதையும் கையில குடுத்தேன். அவங்க ரெண்டு வாரம் சரியா பேசல. உடனே மன்னிக்கணும்னு எதிர்பார்க்காதீங்க, "ஆண்டவரே மன்னிச்சிட்டாரு, நீ மன்னிக்க மாட்டியா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அது அவங்களை இன்னொரு தடவை காயப்படுத்துறது. மாசாமாசம் கட்டி அந்த ஆரத்தை மீட்க பதினாலு மாசம் ஆச்சு. தாவீதுக்கும் பாவம் நீக்கப்பட்டுச்சு, ஆனா விளைவு இருந்துச்சு. பின்விளைவு இன்னும் இருக்கே, அப்போ ஆண்டவர் இன்னும் கோவமாத்தான் இருக்காருன்னு முடிவு கட்டிடாதீங்க, எனக்கு ஒவ்வொரு தவணை கட்டும்போதும் அவர் கூட நின்னாரு.

அந்த பதினாலு மாசமும் என்னைத் தாங்கினது காலையில அஞ்சு நிமிஷம். போனை எடுக்கறதுக்கு முன்னாடி புலம்பல் 3:22, 23 வாசிப்பேன், ஆண்டவரோட இரக்கங்களைப் பத்தி "அவைகள் காலைதோறும் புதியவைகள்"னு இருக்கும். பாபிலோன்காரன் வந்து எருசலேமை இடிச்சு எரிச்சுப்போட்ட பிறகு, அதுவும் ஜனங்க தங்களோட பாவத்தாலதான் இந்த கதிங்கிறதை ஒத்துக்கிட்டே எழுதின புத்தகம் அது. ரொம்ப தளர்ந்து போன நாள்ல 136ம் சங்கீதத்தை வாய்விட்டு படிங்க, 26 வசனம், 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு வரும். பத்தாவது தடவை வரைக்கும் வாய்தான் சொல்லும், அப்புறம் மனசும் சேர்ந்துக்கும்.

திருவிருந்துக்கு திரும்ப போனது மனைவிகிட்ட சொன்னதுக்கு அடுத்த மாசம். எங்க பாஸ்டர்கிட்ட முன்னாடியே தனியா பேசிட்டேன், நீங்களும் நம்பிக்கையான ஒருத்தர்கிட்டயாவது பேசுங்க. நீங்க கத்தோலிக்கரா இருந்தா பாதிரியார்கிட்ட பாவத்தை அறிக்கையிடற பாவசங்கீர்த்தனத்துக்கு போங்க, தள்ளிப்போடாதீங்க.

இன்னொண்ணு, ஒரு நாள் யாராவது உங்ககிட்ட வந்து தன்னோட தப்பை சொல்லுவாங்க. அப்போ வசனத்தை எடுத்து நீட்டாதீங்க. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில கரிநெருப்பு போட்டு மீன் வெச்சு, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்"னுதான் முதல்ல கூப்பிட்டாரு, "என்னை நேசிக்கிறாயா"ன்னு பேதுருகிட்ட கேட்டது சாப்பிட்ட பிறகுதான். வந்தவங்களை உக்கார வைங்க, டீ போட்டுக் குடுங்க, முழுசா பேசி முடிக்கட்டும்.