கனமாக இருந்தால் கவிழாதா?

"நல்ல கனம், லேசில் கவிழாது" என்று நம்புவதுதான் முதல் தவறு. கனமான பீரோவைச் சாய்க்கக் கூடுதல் பலம் வேண்டும், சரி. ஆனால் எத்தனை டிகிரி சாய்ந்தால் அது கவிழும் என்ற கணக்கில் எடை வருவதே இல்லை. அடிப்பாகத்தின் அகலமும் ஈர்ப்பு மையம் (பொருளின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) இருக்கும் இடமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுங்கள். அது அடிப்பாகத்தைத் தாண்டிவிட்டால் பொருள் கவிழும்.

இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 2 மீட்டர் உள்ள லாரியின் ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் எல்லை 45 டிகிரி. வைக்கோலை மேலே மேலே அடுக்கி மையத்தை 2 மீட்டருக்கு உயர்த்தினால் சுமார் 27 டிகிரிதான். டயரும் ஸ்பிரிங்கும் அமுங்குவதால் நிஜத்தில் அதற்கும் முன்பே கவிழ்ந்துவிடும்.

அடுத்த தவறு, அடியில் பாரம் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. தரையில் பெரும்பாலும் சரிதான். தண்ணீரில் கதை வேறு. சுவீடனின் 'வாசா' போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணம் கிளம்பி, 1,300 மீட்டர் அளவே போய் மூழ்கியது. இரண்டு தளங்களில் பீரங்கிகள். மேற்பகுதி அளவுக்கு மீறிய கனம். முன்னதாக 30 பேரைத் தளத்தில் குறுக்கே ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டம் தாங்காமல் சோதனையை நிறுத்தினார்கள்; பயணத்தை நிறுத்தவில்லை! அடியில் இன்னும் கல் ஏற்றியிருக்கலாமே என்று தோன்றும். ஏற்றினால் கப்பல் இன்னும் அமிழும், கீழ்த்தளப் பீரங்கித் துளைகள் நீர்மட்டத்தை நெருங்கும். கடைசியில், காற்றில் சாய்ந்தபோது திறந்திருந்த அந்தத் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் புகுந்தது.

ஈர்ப்பு மையம் எப்போதும் பொருளுக்குள்ளேயே இருக்கும் என்பதும் தவறு. வளையலுக்கு அது நடுவில் உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது.

ஈர்ப்பு மையம் ஓரிடத்திலேயே நிற்கும் என்று நினைப்பதுதான் வீட்டில் ஆபத்து. இழுப்பறைகளை ஒரே நேரத்தில் வெளியே இழுத்தால் அலமாரியின் மையம் முன்னால் வந்துவிடும். அதில் ஒரு குழந்தை ஏறினால் கேட்கவே வேண்டாம். கனமான சாமானைக் கீழ்த்தட்டில் வையுங்கள், அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். பாதி நிரம்பிய டேங்கர் லாரியிலும் இதே சிக்கல்தான்: வளைவில் திரவம் ஒரு பக்கம் ஒதுங்கும், மையமும் கூடவே போகும். பாதி பாரம்தானே என்று வேகம் எடுக்கக் கூடாது.