கலோரி குறைந்த சமையல் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அட்டையில் 'டயட்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். நடுவில் ஏதாவது ஒரு குருமாவையோ வறுவலையோ திறந்து, எண்ணெய் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். 'தேவையான அளவு' என்று இருந்தால் அந்தப் புத்தகம் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரிதான், கொழுப்பில் 9, அதனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினாலே ஏறக்குறைய 120 கலோரி ஏறிவிடும், நல்லெண்ணெய் ஆனாலும் ஆலிவ் எண்ணெய் ஆனாலும் இதே கணக்குதான். தேங்காய்க்கும் அளவு இருக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு, ஒருவருக்கு எத்தனை கலோரி என்பதும் அவசியம். அரிசி அளவு வேகும் முன்பா பின்பா? வேகாத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி, அதே எடை சோற்றில் சுமார் 130.

எண்கள் சந்தேகமாக இருந்தால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அதில் ஆற்றல் கலோரிக்குப் பதில் கிலோஜூல் என்ற அலகில் இருக்கும், 4.184ஆல் வகுத்தால் கலோரி கிடைத்துவிடும்.

அப்புறம், பக்கத்துக் கடையில் கிடைக்காத பொருளாகவே கேட்கும் புத்தகம் அலமாரியில்தான் தூங்கும். கீரைக் கூட்டு, கொள்ளு ரசம், ஆவியில் வேகும் பலகாரங்கள் நிறைய இருப்பதை எடுங்கள், முடிந்தால் முதலில் நூலகத்தில் இரவல் வாங்கி இரண்டு மூன்று சமைத்துப் பாருங்கள்.