முற்றத்தில் குருவிக்குத் தீனி, கையில் பேக்பைப்

செட்டிநாட்டு வீட்டில் காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும், குருவிக்குத் தீனி வைப்பது, பையில் காற்றை நிரப்பி அழுத்தி வாசிக்கிற ஸ்காட்லாந்துக் குழல் வாத்தியமான பேக்பைப் பழகுவது இரண்டையும் முடித்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் தீனி, அப்புறம்தான் ஊதல்.

தீனிக்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு பிடி நொய்யும் கம்பும் இறைத்தால் சிட்டுக்குருவியும் புறாவும் வந்துவிடும், கொண்டைக்குருவிக்குக் கனிந்த வாழைப்பழமோ பப்பாளித் துண்டோ வேண்டும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கும். சோறு வைப்பதானால் ஆச்சி காக்கைக்கு வைப்பது போல வெறும் சோறு. மீந்த முறுக்கையும் சீடையையும் முற்றத்தில் எறிகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அந்த உப்பு அதுகளுக்கு ஆகாது. அரை மணியில் தின்று தீரும் அளவுதான் வைக்க வேண்டும், கூடினால் மாடப்புறா குடியேறிவிடும், பிறகு தேக்குத் தூண் முழுக்க எச்சம், துடைத்து மாளாது.

என்னைக் கேட்டால் இந்த ஊரில் தீனியைவிடத் தண்ணீர்தான் பெரிது, அதுவும் கத்திரி வெயிலில். அகலமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர், சின்னக் குருவி நின்று குடிக்க நடுவில் ஒரு கல், பூனை பதுங்க வழியில்லாத திறந்த இடம். தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் கொசு வளர்ப்பீர்கள். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட வேண்டாம், செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைத்தால் தானே வரும்.

சரி, ஊதலுக்கு வருவோம். பையோடு தொடங்காதீர்கள். பிராக்டீஸ் சான்டர் என்று பை இல்லாத குழல் தனியாகக் கிடைக்கும், சத்தம் குறைவு, தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஊதினாலும் மைனா பாட்டுக்கு மேயும். இடது கை மேலே, வலது கை கீழே, விரலைத் தட்டையாக வைத்துச் சதையால் துளையை மூட வேண்டும். எல்லாத் துளையும் மூடினால் கீழ் நிஷாதம், வலது சுண்டுவிரலை மட்டும் எடுத்தால் சட்ஜம், அங்கிருந்து மேல் சட்ஜம் வரை போய் மொத்தம் ஒன்பதே சுரம். நம் காதுக்கு அது ஏறக்குறைய அரிகாம்போதி ராகம்தான், மோகன ராகத்தின் ஐந்து சுரமும் அதற்குள்ளேயே இருப்பதால் ஒரு ஸ்தாயிக்குள் அடங்குகிற மோகன மெட்டு எதுவானாலும் வாசித்துவிடலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பைக்காற்று நிற்காமல் வருவதால் நாதஸ்வரத்தைப் போல நாக்கால் சுரத்தை வெட்ட முடியாது, ‘ப ப’ என்று இரண்டு முறை வந்தால் கேட்பவருக்கு ஒரே நீளமான ப. நடுவில் இடது ஆள்காட்டி விரலைச் சட்டென்று தூக்கி இறக்க வேண்டும், அதுதான் கிரேஸ் நோட். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மிக மெதுவாக வைத்து, மேல் நிஷாதமும் மேல் சட்ஜமும் தவிர மற்ற ஒவ்வொரு சுரத்திலும் இதைச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போனவர் வாசிப்பு கடைசிவரை கொழகொழவென்றே இருக்கும்.

நாலைந்து மெட்டு பார்க்காமல் வந்த பிறகு பைக்குப் போகலாம். பையில் ட்ரோன் என்கிற சுருதிக் குழல்கள் மூன்று, அவற்றில் இரண்டு சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, பெரியது இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்கும். முதலில் இரண்டைத் தக்கையால் அடைத்து ஒன்றோடு பழகுங்கள், மூச்சு வாங்கும்போது கை அழுத்தம் குறையாமல் சுருதி நிற்கிறதா என்பதுதான் சோதனை. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஊதினால் பிரமாதமாகக் கேட்கும், அந்த எதிரொலியே தப்பையும் மறைத்துவிடும், துணிமணி அடைந்த உள்ளறை உத்தமம். காதில் பஞ்சு போதாது, இயர்பிளக் போடுங்கள்.

கண்மாய்க் கரைக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை, அங்கே போய் நாம் ஊதுவதா? பறவை அடையாத பொட்டலாகப் பாருங்கள்.

ஊதி முடித்ததும் குழலுக்குள் துணி விட்டு ஈரத்தைத் துடைத்து நிழலில் வையுங்கள், கருமரத்தில் செய்த குழல் நம் வெயிலில் வெடித்துவிடும்.