சபைக் கூட்டுவேலையில் ஆயரும் கமிட்டியாரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்குள் அக்டோபர் மழையில் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் புல்லும் சீமைக்கருவேலமும் மண்டிவிடும். சபையார் கூடிச் சுத்தம் செய்யும்போது தலைவர்கள் செய்யும் சில தவறுகள் வேலையையும் கெடுக்கும், மனதையும் கெடுக்கும்.

ஜெபம் பண்ணி, மண்வெட்டியைத் தொட்டு, போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடுவது முதல் தவறு. எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, ஜனங்கள் பங்கு பிரித்துக் கட்டியதைச் சொல்லும் நெகேமியா 3-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் எலியாசிபுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்டுவாசலைக் கட்டிக் கதவும் வைத்தான். வேலைக்குக் கழுத்துக் கொடுக்காத தெக்கோவாப் பிரபுக்களையும் அதே அதிகாரம் எழுதி வைத்திருக்கிறது. ஆயருக்கும் பத்தடிக்குப் பத்தடி அளந்து கொடுங்கள்.

சுத்தமான வேலையாகப் பார்த்து எடுப்பது இதைவிட மோசம். குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்த மல்கியா ஒரு மாகாணப் பிரபு. நம் சபைகளிலோ சாக்கடை அடைப்பும் கழிப்பறையும் சாதி பார்த்து அதே நாலு பேர் தலையில் விழுகின்றன. இது பாவம். பங்கீட்டுத் தாளில் அந்த வேலைக்கு நேரே ஆயர் பெயரையோ செயலர் பெயரையோ முதலில் எழுதுங்கள். ஆனால் செப்டிக் டேங்குக்குள் எவரும் இறங்கவே கூடாது. விஷவாயு ஆளைக் கொல்லும். அதற்குக் கழிவு உறிஞ்சும் லாரிதான்.

வேலைக்கு வந்தும் அதிகாரம் செய்வது இன்னொன்று. சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். கடப்பாறை போட்டுத் தூரோடு எடுக்க வேண்டும். இது கைவந்த கூலிக்காரப் பெரியவர்தான் அன்றைக்கு மேஸ்திரி. ஆயர் அவர் சொல் கேட்கட்டும். முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும், ஷூ வேண்டும். அரிவாள் வீசுபவர்கள் ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும்.

பெண்கள் என்றாலே சமையல் என்று எழுதாதீர்கள். சல்லூமின் குமாரத்திகள் அலங்கத்தில் வேலை செய்தார்கள். தலைவர்களுக்குத் தனி நாற்காலி, தனிப் பந்தி வேண்டாம். நெகேமியா அதிபதியாயிருந்த 12 வருஷமும் அதிபதிக்குரிய உணவுப் படியை வாங்கவில்லை. கமிட்டியார் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரட்டும்.

தேவவசனத்தைப் போதியாமல் பந்தி விசாரிப்பது எங்களுக்குத் தகுதியல்ல என்று அப்போஸ்தலர்கள் சொன்ன அப்போஸ்தலர் 6-ஐக் காட்டி ஒதுங்குபவர்கள் உண்டு. அங்கே பந்தி விசாரணையைத் தகுந்த ஏழு பேரிடம் முழுப் பொறுப்பாகவே ஒப்படைத்தார்கள். வேலையை இழிவாக நினைக்கவில்லை. மெலித்தா தீவில் பவுலே விறகு பொறுக்கினார். ஆஸ்பத்திரிக்கோ அடக்க ஆராதனைக்கோ ஆயர் போக வேண்டியிருந்தால் காலையிலேயே சொல்லிவிட்டுப் போகலாம். அவருடைய பத்தடியை அப்படியே விட்டுவையுங்கள், அடுத்த சனிக்கிழமை வந்து முடிக்கட்டும்.