துணியில் ஒட்டிய பசைக் கறையை நீக்கும் முறை

பசை பட்டவுடன் பதற்றத்தில் தேய்த்தால் அது இழைகளுக்குள் இறங்கிவிடும் என்பதால், எந்தப் பசை என்று தெரியும்வரை கை வைக்காமல் இருப்பது நல்லது. வடசென்னை வீடுகளில் துணியைப் பாழாக்குபவை பெரும்பாலும் தச்சு வேலைக்கான ஃபெவிகால், உடைந்ததை ஒட்டும் ஃபெவிகுவிக், செருப்புக்கும் பஞ்சருக்கும் பூசும் ரப்பர் சொல்யூஷன் ஆகிய மூன்றுதான். சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதாப் பசை தண்ணீரில் ஊறினாலே போய்விடும்.

ஃபெவிகால் ஈரமாக இருந்தால் குழாயடியில் அலசினால் போதும். காய்ந்துவிட்டால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பசை வெளுத்து மெத்தென்று ஆனதும் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்து, மிச்சத்தைப் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது. இதற்கு மட்டுமாவது குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரை எடுத்து வையுங்கள்.

அதிக கவனம் வேண்டியது ஃபெவிகுவிக்குக்குத்தான். பருத்தியில் பட்டால் அது சூடேறி இறுகும். தோலைச் சுடும் அளவுக்கும் அந்தச் சூடு போகலாம். ஆகவே பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை ஊற்றி மெல்ல விடுவியுங்கள். துணியில் மட்டும் பட்டிருந்தால் முழுதும் காயவிட்டுச் சுரண்டிய பின், அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரை முதலில் உள் மடிப்பில் தொட்டுப் பார்த்து, சாயம் போகவில்லை என்றால் மட்டும் கறையின் பின்பக்கமிருந்து ஒற்ற வேண்டும். அசிடேட் என்ற செயற்கை இழைத் துணியை அசிட்டோன் கரைத்துவிடும். பட்டுப் புடவையை வீட்டில் சோதிக்காமல் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

ரப்பர் சொல்யூஷன் பட்ட துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால், இறுகிய பசையை உரித்தெடுக்கலாம். எஞ்சிய பிசுபிசுப்பைப் பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனால் ஒற்றலாம். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் விளக்கும் இல்லாத மொட்டை மாடியில் செய்து, வாடை முழுதும் போகும்வரை காயவிட்ட பிறகே கையால் துவைக்க வேண்டும்.

எந்தப் பசையானாலும் நிழலில் உலர்த்தி, தடம் இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பின்பே இஸ்திரி வண்டிக்குக் கொடுங்கள். பசை மிச்சமிருக்கும்போது இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டால், அது உருகி இழையோடு சேர்ந்து, பெட்டியின் அடியிலும் ஒட்டி, அடுத்த வீட்டுத் துணியையும் கெடுக்கும்.