எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகிறீர்களா? முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா முதியோர் உதவித்தொகைக்காக மூன்று முறை எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தார். ஒரு முறை கோயில் திருவிழாவில், ஒரு முறை பள்ளி விழாவில், ஒரு முறை வீதியில் வண்டியை நிறுத்தி. மூன்று மனுவும் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. நான்காவது முறை நான் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்த உதவியாளர் கேட்ட முதல் கேள்வி: "ஆன்லைன்ல பதிஞ்ச நம்பர் இருக்காம்மா?" இல்லை. பெரியம்மா அதுவரை முறைப்படி விண்ணப்பமே செய்திருக்கவில்லை.

அன்று கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு தெருக்காரர்களுக்காக மனு எழுதி எழுதித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடைமுறை மட்டும்தான்.

படி 1: உங்கள் தொகுதி எது?

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். உங்கள் தொகுதியின் எண்ணும் பெயரும் வாக்காளர் அட்டையிலேயே இருக்கும். வீடு மாறியிருந்தால் மட்டும் ஒரு முறை சரிபாருங்கள். நகரங்களில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொரு தொகுதி என்று இருப்பது சாதாரணம்.

படி 2: இது யாருடைய வேலை?

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் நாள் வீணாகிறது. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்றால் ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்றால் வட்டாட்சியர் அலுவலகம். விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக. ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு, நீக்கம் என்றால் வட்ட வழங்கல் அலுவலர். மின்சாரக் குறைக்கு மின்னகம், 94987 94987. பாஸ்போர்ட், ரயில்வே எல்லாம் ஒன்றிய அரசு, அதற்கு எம்.பி.யைப் பாருங்கள்.

அப்படியானால் எம்.எல்.ஏ. எதற்கு? இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, முறைப்படி விண்ணப்பித்தும் நகராமல் கிடக்கும் கோப்பைப் பற்றி அதிகாரியிடம் கேட்பதற்கு. இரண்டு, ஊருக்குப் பொதுவான கட்டுமான வேலைகளுக்கு.

இரண்டாவதற்கு அவர் கையில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. 1997-98 முதல் நடக்கும் திட்டம் இது. 2019-20 முதல் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணத்தை அவரே எடுத்துச் செலவு செய்ய முடியாது. எந்த வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரைப்பார், பொறியாளர் மதிப்பீடு போடுவார், ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார், அப்புறம்தான் வேலை தொடங்கும். வகுப்பறை, அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம், பயணியர் நிழற்குடை, குடிநீர்த் தொட்டி போன்றவை இதில் வரும். தனியாருக்குச் சொந்தமான இடத்திலோ வழிபாட்டுத் தலத்திலோ செய்ய முடியாது. ஆகவே நீங்கள் கேட்டதும் வரும் எதிர்க்கேள்வி, "இடம் இருக்கா?" என்பதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, காலியாக உள்ள அரசு நிலத்தின் புல எண்ணை (சர்வே நம்பர்) எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒரு எண் இருந்தால் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் கேட்பது நல்லது. ஜனவரிக்குப் பிறகு போனால் பெரும்பாலும் அந்த ஆண்டுப் பணம் ஒதுக்கி முடிந்திருக்கும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது புது வேலைக்கு அனுமதி கிடைக்காது.

படி 3: அவர் எதை முதன்மையாக வைத்திருக்கிறார்?

2022 ஆகஸ்டில், 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக, தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு ஆட்சியரிடம் தரும்படி 234 உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். பாலம், புறவழிச்சாலை, கல்லூரி, ஏரி தூர்வாருதல் என்று ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பட்டியல் போனது. உங்கள் தொகுதிப் பட்டியலில் என்ன இருந்தது, அதில் எத்தனை நடந்தது என்று பாருங்கள். அவர் சட்டமன்றத்தில் கேட்ட கேள்விகளும் உதவும். உங்கள் கோரிக்கை அவர் ஏற்கெனவே பேசிய விஷயத்தோடு ஒட்டி இருந்தால் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

தொகுதி நிதியில் நடந்த வேலைகளின் பட்டியல் வேண்டுமானால், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

படி 4: மனுவை எழுதுங்கள்

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி:

*அனுப்புநர்: பெயர், முழு முகவரி, கைபேசி எண்.*
*பெறுநர்: மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள், ……… தொகுதி.*
*பொருள்: நியாயவிலைக் கடைக்குச் சொந்தக் கட்டடம் கோருதல் – தொடர்பாக.*
*ஐயா, வணக்கம். எங்கள் ஊர் நியாயவிலைக் கடை எட்டு ஆண்டுகளாக வாடகைக் கட்டடத்தில் இயங்குகிறது. 412 குடும்ப அட்டைகள் உள்ளன. மழைக்காலத்தில் கூரை ஒழுகி அரிசி மூட்டைகள் நனைகின்றன. பள்ளிக்கு எதிரே, புல எண் ………இல் 3 சென்ட் அரசு நிலம் காலியாக உள்ளது. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கட்டித் தர வேண்டுகிறோம்.*

எண்ணிக்கைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். "ஏழை மக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள்" என்று நாலு வரி எழுதுவதை விட, "மூட்டைகள் நனைகின்றன" என்ற ஒரு வரியும் அதன் புகைப்படமும் அதிகாரியை எழுந்து வந்து பார்க்க வைக்கும். ஊர்க்காரர்கள் கையெழுத்து இருந்தால் பின்னால் இணையுங்கள்.

சொந்தக் குறை என்றால் பொருள் வரிக்குக் கீழே 'பார்வை' என்று போட்டு விண்ணப்ப எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். இது இல்லாமல் போகவே வேண்டாம்.

படி 5: கொடுப்பதும் பின்தொடர்வதும்

விழா மேடையில் கொடுக்காதீர்கள். தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை.

அதோடு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் அதே மனுவைக் கொடுத்து எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. ரேஷன் குறை என்றால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் முகாம் உண்டு.

பல ஆண்டாகத் தீராத ஊர்ப் பிரச்சினைக்கு இன்னொரு கதவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. மாவட்டங்களுக்கு வரும்முன் நாளிதழ்களில் அறிவிப்பு வரும். தமிழில் ஐந்து பிரதிகள், ஒரே பிரச்சினை, ஒரே துறை. நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, வேலை கேட்பது, வங்கிக் கடன், பட்டா, முதியோர் உதவித்தொகை இவற்றை ஏற்க மாட்டார்கள்.

அலுவலகத்தில் கேட்டுப் பெறக்கூடிய சில உதவிகள்

முகவரிச் சான்று எதுவும் இல்லாதவர்களுக்கு ஆதாரில் முகவரி மாற்ற, அதற்கென்றே உள்ள படிவத்தில் எம்.எல்.ஏ. சான்றளிக்கலாம். கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதம் செல்லும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு இதற்காக அலையும் குடும்பங்களைப் பார்க்கவே மனசு பதறுகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். இ-சேவை மையத்தில் பதிந்தோம். ரசீதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் அசைவில்லை. அந்த எண்ணோடு எம்.எல்.ஏ. அலுவலகம் போனோம். உதவியாளர் அங்கிருந்தே சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பெரியம்மாவின் ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பிறந்த ஆண்டு வேறு வேறாக இருந்ததால் கோப்பு நின்றிருந்தது. அதைத் திருத்தி மறுபடி கொடுத்தோம். இப்போது மாதம் 1,200 ரூபாய் வருகிறது. அந்த ரசீது இன்னும் அதே சுருக்குப் பையில்தான் இருக்கிறது.